பாகத்துக்கு ரெண்டு ஸ்டாண்டு

பாகம் பிரிக்கிறவனுக்கு எதைப் பிரிக்கலாம், எதைப் பிரிக்கக் கூடாது என்கிற அறிவு வேண்டாமா? வீட்டைப் பிரி, இடத்தைப் பிரி, பாத்திரம் பண்டத்தைப் பிரி, எவன் கேட்கப் போகிறான்? எங்கள் தெருவில் ஒரு மெக்கானிக் ஷெட்டைப் பிரித்தார்கள். அந்தக் கூத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிகிறது.

நான் அந்த ஷெட்டுக்கு எதிரே துணி தேய்க்கிறவன். மேஜையைத் தெருவைப் பார்த்துப் போட்டிருக்கிறேன். குனிந்தால் சட்டை, நிமிர்ந்தால் ஷெட். அதனால் அந்த வீட்டில் எனக்குத் தெரியாமல் ஒரு டம்ளர்கூட உருண்டதில்லை. அண்ணன் பெரியவர், தம்பி சின்னவர். அப்பா இருந்தவரைக்கும் நகமும் சதையுமாக ஒரே வண்டிக்குக் கீழே படுத்து வேலை பார்த்தவர்கள்தான். அப்பா கண்ணை மூடினார், இவர்களுக்குக் கண் திறந்துவிட்டது. ஷெட்டுக்கு நடுவே சிமெண்ட் ஹாலோ பிளாக் கல்லை அடுக்கி ஒரு சுவர் எழுப்பினார்கள். காற்றடிக்கிற மெஷின் அண்ணனுக்கு, அதன் ட்யூப் தம்பிக்கு. ஸ்பேனர் பெட்டியைத் தரையில் கவிழ்த்து, பத்தாம் நம்பர் உனக்கு, பதினொன்றாம் நம்பர் எனக்கு என்று பொறுக்கினார்கள். சின்னப் பிள்ளைகள் புளியங்கொட்டை பிரிப்பார்களே, அப்படி.

அதையெல்லாம்கூட மன்னித்துவிடலாம். காரைத் தூக்கி நிறுத்துகிற இரும்பு ஸ்டாண்டு நாலு இருந்தது. கனமான சாமான், மூன்று கால் விரித்து நிற்கும். அதையும் ஆளுக்கு ரெண்டு என்று எடுத்துக்கொண்டார்கள். சரிபாதியாம். நான் இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டுப் போய்க் கேட்டேன், "ஏம்ப்பா, காருக்கு நாலு மூலை இருக்கே, அதையும் பிரிச்சுட்டீங்களா?" என்று. "நீ போய் துணியைத் தேய்" என்றார்கள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் ரெண்டு பேருக்கும் ஒரே வாய்.

ஜாக்கி என்பது தூக்க மட்டும்தான். தாங்குவது ஸ்டாண்டுதான். ஜாக்கியை நம்பிக் கீழே படுத்தவன் எழுந்து வந்தால் அவன் அதிர்ஷ்டம். இது துணி தேய்க்கிற எனக்கே தெரியும். பிரிவினைக்கு அப்புறம் ரெண்டு பக்கமும் வண்டியை முன்னாலோ பின்னாலோ பாதிதான் தூக்கி வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்படியே காலம் ஓடியிருக்கும். அதற்குள் அந்தப் பச்சைக் கார் வந்து தொலைத்தது.

கார் ஒரு பல் டாக்டருடையது. அவருடைய அப்பா ஓட்டிய பந்தயக் காராம். ரெண்டே கதவு, ரெண்டே சீட். உயரம் என் மேஜை அளவுகூட இல்லை. அந்தக் காரில் யாரும் ஏறுவதில்லை, இறங்கத்தான் வேண்டும். கியர் பாக்ஸ் ஒழுகுகிறது, மூன்றாவது கியர் தானாக நழுவுகிறது. சனிக்கிழமை பழைய கார்களெல்லாம் வரிசையாகப் போகிற ஊர்வலம் இருக்கிறது, அதற்குள் தயாராக வேண்டும் என்றார். போகும்போது காரின் முதுகைத் தடவிக்கொண்டே, "ஒரு கீறல் விழக்கூடாது" என்றார். பெரியவர் தலையைத் தலையை ஆட்டினார்.

கியர் பாக்ஸைக் கீழே இறக்க வேண்டுமென்றால் வண்டியை நாலு பக்கமும் நன்றாக உயர்த்தியாக வேண்டும். கீழே படுத்து இறக்கப்போவது பெரியவர் இல்லை, அவருடைய மாப்பிள்ளை.

மாப்பிள்ளை என்றுதான் தெருவே அவனைக் கூப்பிடும், பெரியவரைத் தவிர. அவருக்கு அவன் 'தம்பி'தான், கோபம் வந்தால் 'ஏய்'. ஒரு தொழிற்சாலையில் லேத்தில் கடைசல் வேலை பார்த்தவன். அதை இழுத்து மூடினதும் பெண்டாட்டி வீட்டோடு வந்துவிட்டான். வீட்டோடு வந்த மாப்பிள்ளைக்கு வாய் இருக்கக் கூடாது என்று எவன் சட்டம் போட்டானோ, இவன் அதை அப்படியே கடைப்பிடித்தான். கை மட்டும் பேசும். அந்தக் காரின் அடித்தகட்டை ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தட்டித் தட்டிக் கேட்டுக்கொண்டே போனான். கணீரென்றால் நல்ல தகடு, மொத்தென்றால் உள்ளே துரு. துரு பிடித்த இடத்தில் ஜாக்கியை வைத்தால் அப்பளம் மாதிரி உள்ளே போய்விடும் என்று ஒவ்வொரு இடமாகச் சாக்பீஸால் குறி போட்டுவைத்தான்.

அவன் பெண்டாட்டி, பெரியவரின் மகள், பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். எனக்கு அவள் பாப்பாதான். குழந்தையிலிருந்து அந்த ஷெட்டில் எண்ணெய்க்கும் நட்டுக்கும் நடுவே வளர்ந்தவள். அவளுக்குக் கோபம் வந்தால் தெரு நாய்கள் எழுந்து இடம் மாறும்.

வேலை தொடங்குவதற்கு முந்தின நாள் சாயங்காலமே சண்டை ஆரம்பித்துவிட்டது. மழை வருகிற மாதிரி இருட்டிக்கொண்டு, காற்றே இல்லாத புழுக்கம். ஷெட்டை ஒட்டிய வீட்டில் கதவையெல்லாம் திறந்துபோட்டுச் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள்.

"சித்தப்பாகிட்ட ரெண்டு ஸ்டாண்டு கேட்டு வாங்குங்கப்பா" என்றாள் பாப்பா.

"அவன் வாசல்ல போய் நான் நிக்கணுமா?"

"நிக்க வேணாம். கேட்டு வாங்கிட்டு வந்துடுங்க."

"செத்தாலும் மாட்டேன்."

"சாகப்போறது நீங்க இல்லியே! அடியில படுக்கப்போறது அவருதானே!"

"நான் வேணா போய் வாங்கிட்டு வரட்டுமா மாமா?" என்று மாப்பிள்ளை மெதுவாகக் கேட்டான்.

"போறதுன்னா அப்படியே அங்கயே இருந்துக்க. திரும்பி இந்தப் படி ஏறாத."

"சரி, புதுசா ரெண்டு வாங்குங்க" என்றாள் அவள்.

"புதுசு வாங்கினா என்ன அர்த்தம்? அவன் பாகத்துல இருக்கிறது இல்லாம எனக்குப் பொழப்பு ஓடலைன்னு அர்த்தம். தெருவே சிரிக்கும்டி."

தட்டு தள்ளப்படுகிற சத்தம் கேட்டது. "ஆம்பளைங்க வேலையில நீ எதுக்குடி தலையக் குடுக்கிற? சாப்பிட்டுட்டுச் சண்டை போடுங்க, சோறு ஆறுது" என்று அவள் அம்மா சொன்னது கேட்டது. இன்னொன்றும் கவனித்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் சின்னவர் வீட்டில் அலறிக்கொண்டிருந்த ரேடியோ இந்தச் சண்டை தொடங்கினதும் சன்னமாகிவிட்டது. அவர்கள் எழுப்பிய சுவர் கூரை வரைக்கும் போகவில்லை. ஒரு பக்கம் தும்மினால் மறுபக்கம் கேட்கும்.

மறுநாள் காலையில் பாப்பா வேன் எடுக்கப் போய்விட்டாள். ஷெட்டில் வேலை தொடங்கிற்று. காரைக் கையாலேயே தள்ளி உள்ளே கொண்டுவந்தார்கள். அது இருக்கிற தாழ்வுக்கு ஜாக்கி நுழையவில்லை. முன்சக்கரம் ரெண்டையும் பலகைமேல் ஏற்றி, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து முட்டுக்கொடுத்தான் மாப்பிள்ளை. சாக்பீஸ் குறி பார்த்து ஜாக்கியை வைத்து, ஒரே மூச்சில் தூக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தி ஏற்றினான். முன்பக்கம் ரெண்டு ஸ்டாண்டையும் நல்ல தகடாகப் பார்த்துச் செருகி, கொண்டியைப் போட்டான். இழுத்துப் பார்த்தான். ரொம்ப அழகான வேலை, குறை சொல்ல முடியாது. பிறகு ஜாக்கியைப் பின்பக்கம் கொண்டுபோய் அதையும் தூக்கினான். தூக்கிவிட்டு மாமனாரைப் பார்த்தான்.

"பின்னாடிக்கு என்ன மாமா?"

பெரியவர் ஷெட்டுக்குப் பின்னால் போனார். வந்தபோது கையில் ஹாலோ பிளாக் கல். பிரிவினைச் சுவர் கட்டி மிச்சமான கல்! எனக்குக் கையிலிருந்த பெட்டி நழுவப் பார்த்தது. உள்ளே கூடாக இருக்கிற கல்லைப் படுக்கப் போட்டு அடுக்கி, மேலே ஒரு பலகைத் துண்டு வைத்து, அதன்மேல் காரின் பின்சக்கரம் ரெண்டையும் கோத்த இருசை இறக்கினார். ரெண்டு பக்கமும் அப்படியே.

"யோவ்!" என்று இங்கிருந்தே கத்தினேன். "என்னய்யா பண்ற?"

"கல்லு ஒரு வீட்டையே தாங்குது. இந்தத் தகரத்தைத் தாங்காதா? உன் சட்டை கருகுது பாரு."

கருகித்தான் போயிற்று. வக்கீல் வீட்டுச் சட்டை. அந்த எரிச்சலும் சேர்ந்துகொண்டது எனக்கு.

சக்கரம் நாலையும் கழற்றினார்கள், ரிம்முக்குப் பாலிஷ் போட வேண்டுமாம். மாப்பிள்ளை ஒரு சக்கரத்தை உருட்டிக்கொண்டு வந்து, "கழட்டுன சக்கரத்தையாவது அடியில படுக்கப் போட்டு வைக்கலாமா மாமா? விழுந்தாலும் அதுமேல நிக்கும்" என்றான்.

"ரிம்ல கீறல் விழுந்தா டாக்டருக்கு நீயா பதில் சொல்லுவ?"

சக்கரங்கள் போர்வை விரித்து ஓரமாக அடுக்கப்பட்டன. சக்கரத்துக்குப் போர்வை! மாப்பிள்ளைக்கு ஓர் அட்டைப் பெட்டியைக் கிழித்துத் தரையில் போட்டார்கள். கியர் பாக்ஸ் இறங்கும்போது அதைத் தாங்கிக்கொள்ள ஜாக்கி வேண்டும் என்று அதையும் பின்னாலிருந்து உருவி ஓரமாக வைத்தாகிவிட்டது. அவன் விளக்கைக் கையில் எடுத்துக்கொண்டு, கல்லை ஒரு தடவை பார்த்தான். என்னையும் பார்த்தான். என்ன செய்வான்? படுக்கவில்லை என்றால் பயந்தாங்கொள்ளி, உட்கார்ந்து தின்கிறவன். மல்லாந்து படுத்து இடுப்புவரைக்கும் உள்ளே நகர்ந்துவிட்டான்.

முதல் ரெண்டு போல்ட்டு கழன்றது. மூன்றாவது அசையவில்லை. "நீளமான குழாயைப் பிடியில மாட்டி இழு, முக்கி இழு" என்று மேலேயிருந்து அதிகாரம் நடந்துகொண்டிருந்தபோதுதான் காலை ட்ரிப்பை முடித்துவிட்டுப் பாப்பா வேனைக் கொண்டுவந்து நிறுத்தினாள். இறங்கினவள் ஷெட்டைப் பார்த்தாள். வேன் கதவைக்கூடச் சாத்தவில்லை.

"வெளிய வாங்க" என்றாள், காருக்கு வெளியே தெரிந்த ரெண்டு காலைப் பார்த்து.

"ஒரே ஒரு போல்ட்டுதான்..." என்றது உள்ளேயிருந்து குரல்.

"வெளிய வாங்கன்னு சொன்னேன்!"

"ஏய், வேலை நடக்கிற இடத்துல வந்து கத்தாத" என்றார் பெரியவர். "நான் முப்பது வருஷமா..."

"முப்பது வருஷமா எல்லாத்தையும் நாலு ஸ்டாண்டுல நிறுத்துனீங்க. அதைச் சொல்லுங்க முழுசா. காலையில வண்டி எடுக்கிறதுக்கு முன்னாடி நானே போய்ச் சித்தப்பாகிட்ட கேட்டேன்."

"யாரைக் கேட்டுடி போன?"

"'உங்கப்பன் வாயால கேட்கட்டும், குடுக்கிறேன்'னாரு. உங்களுக்கு வாய் தேஞ்சிடும், அவருக்கு ஸ்டாண்டு தேஞ்சிடும். நடுவுல என் புருஷன் நசுங்கணும், அப்படித்தானே?"

"அபசகுனமாப் பேசாத! கல்லு எப்படி உக்காந்திருக்கு பாரு. மலை மாதிரி நிக்குது."

"மலையா? அப்ப ஆட்டிப் பாருங்க."

"என்னது?"

"ஸ்டாண்டுல ஏத்துனா அடியில போறதுக்கு முன்னாடி வண்டியை ஆட்டிப் பார்ப்பீங்கல்ல. எப்பவும் நீங்கதானே ஆட்டுவீங்க? இன்னிக்கு ஏன் ஆட்டலை?"

அவள் சொன்னது நிஜம். எத்தனையோ வண்டியை அவர் இடுப்பைக் கொடுத்து முட்டிப் பார்த்துவிட்டு, 'ம், போ' என்று சொல்வதை நான் பார்த்திருக்கிறேன். இன்றைக்கு அவர் அதைச் செய்யவில்லை. அவருக்கே அந்தக் கல்மேல் நம்பிக்கை இல்லை. தெரிந்தேதான் ஒருத்தன் பிள்ளையை உள்ளே அனுப்பியிருக்கிறார். இதை எழுதும்போதும் என் பல் நறநறக்கிறது.

"பெயிண்ட்ல கைரேகை விழும்" என்றார் கடைசியில்.

பாப்பா ஒரு சிரிப்புச் சிரித்தாள். அந்த மாதிரிச் சிரிப்புக்குப் பதில் அவள் நாலு அறை அறைந்திருக்கலாம்.

"சரிப்பா. அவரை வெளிய வரச் சொல்லுங்க. நீங்க படுங்க. நான் ஆட்டுறேன்."

தெருவில் போய்க்கொண்டிருந்த ரெண்டு பேர் நின்றுவிட்டார்கள். நான் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுத் தெருவைத் தாண்டி வந்துவிட்டேன். அவள் அம்மா கையில் டீத் தம்ளரோடு உள்கதவில் நின்றுகொண்டிருந்தாள்.

"என்னடி பேச்சு இது, பெத்த அப்பன்கிட்ட?"

"நீ சும்மா இரும்மா. மலை மாதிரி நிக்குதுன்னு அவருதான சொன்னாரு? படுங்கப்பா. அட்டைகூட விரிச்சுதான் இருக்கு."

"எனக்கு முதுகு வலி" என்றார் பெரியவர். "கீழ படுத்தா எந்திரிக்க முடியாது."

"நான் எழுப்பி விடுறேன்."

"இப்பதான் சாப்பிட்டேன்..."

"படுங்க!"

அவர் நகரவில்லை. காரைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், தெருவில் நின்றவர்களைப் பார்த்தார், அந்த அட்டையை மட்டும் பார்க்கவில்லை. அப்போதுதான் காருக்கு வெளியே தெரிந்த ரெண்டு காலும் அசைந்தன. முதலில் குதிகால் ஊன்றியது, பிறகு முழங்கால் மடங்கியது. மாப்பிள்ளை முதுகாலேயே ஊர்ந்து ஊர்ந்து வெளியே வந்தான். விளக்கு உள்ளேயே எரிந்துகொண்டிருந்தது. எழுந்து நின்று மாமனார் முகத்தைப் பார்த்தான். அதில் என்ன படித்தானோ, பெண்டாட்டிக்கு வழிவிட்டு ஒதுங்கினான்.

அவள் கதவோரம் போய்ப் பின்பக்கம் இடுப்பைக் கொடுத்து ஒரு முட்டு முட்டினாள். கார் லேசாக முனகியது. நின்றது.

"பார்த்தியா?" என்றார் பெரியவர். அவர் முகத்தில் ரத்தம் திரும்பி வந்துவிட்டது. "பார்த்தியா, நான் சொன்னேன்ல? இப்ப என்ன சொல்ற? தம்பி, உள்ள போ, வேலையப் பாரு."

"அந்த போல்ட்டுக்கு இவரு இழுக்கிற இழுப்பு இதைவிட ஜாஸ்தி" என்றாள். ரெண்டு கையையும் ஊன்றி, காலைத் தரையில் உதைத்து, மறுபடியும் தள்ளினாள். மூன்றாம் தள்ளலுக்குக் கல் நறுக்கென்றது. ரஸ்க்கைக் கடித்த மாதிரிதான், பெரிய சத்தம்கூட இல்லை. இடது பக்கக் கல் பொடிப்பொடியாக உட்கார்ந்தது. கார் பின்பக்கமாகச் சரிந்தது. அந்த இழுப்பில் முன்னால் இருந்த நல்ல ஸ்டாண்டு ரெண்டும் சாய்ந்தன. காரின் அடிவயிறு முழுக்கத் தரையில் அறைந்தது. உள்ளே எரிந்துகொண்டிருந்த விளக்கு பட்டென்று அணைந்தது. தூசி எழும்பி என் வாயெல்லாம் சிமெண்ட்.

பாப்பா தள்ளின வேகத்தில் முட்டி போட்டு விழுந்திருந்தாள். மாப்பிள்ளை சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றான்.

"ஐயையோ, வண்டி!" என்று அலறினார் பெரியவர். ஓடிப்போய்க் காரின் பின்மூலையைத் தடவினார். குனிந்து பார்த்தார். தலையில் அடித்துக்கொண்டார். "பாவி, பாவி! நல்லா நின்னுக்கிட்டிருந்த வண்டியைத் தள்ளிவிட்டுட்டியேடி! நீ ஆட்டுனதாலதான்டி விழுந்துச்சு! டாக்டருக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

அதற்குள் சின்னவர் வந்துவிட்டார். சும்மா வரவில்லை. ஒரு கைக்கு ஒன்றாக ரெண்டு ஸ்டாண்டையும் தூக்கிக்கொண்டு, மூச்சிரைக்க வந்து ஷெட் வாசலில் நின்றார். அதைப் பார்த்ததும் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் பாப்பா எழுந்துவிட்டாள்.

"இப்ப எதுக்கு இது? பாடையில வச்சுத் தூக்கவா?"

"இல்லம்மா... சத்தம் கேட்டுச்சு..."

"நேத்து சாயங்காலம் கேக்கலையா? இப்ப, கொஞ்ச நேரத்துக்கு முன்னாடி, நான் கத்துனது கேக்கலையா? ரேடியோவைக் குறைச்சுட்டு ஒட்டுக் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தீங்க சித்தப்பா? இந்தச் சுவத்துக்கு மேல கைய நீட்டுனா எட்டுற தூரம்!"

"உங்கப்பன் ஒரு வார்த்தை கேட்டிருந்தா..."

"எவன்டா உன்கிட்ட கேட்பான்?" என்று பெரியவர் திரும்பினார். "சமதளமா இருக்கிற பக்கமெல்லாம் உன் பாகத்துல வாங்கிக்கிட்ட. சரிவுதான் என் தலையில. அதான் வண்டி சாஞ்சுது!"

"நான் வாங்குனேனா? சீட்டுக் குலுக்கிப் போட்டதுய்யா!"

"குலுக்குனது யாரு? உன் மச்சான்!"

ஆரம்பித்துவிட்டார்கள். தரையோடு படுத்துக் கிடக்கிற காருக்கு இந்தப் பக்கம் ஒருத்தர், அந்தப் பக்கம் ஒருத்தர். ஸ்டாண்டு, சுவர், ட்யூப், பதினொன்றாம் நம்பர் ஸ்பேனர், எல்லாம் வந்தது. செத்துப்போன அப்பாவும் வந்தார். நான் ரெண்டு பேரையும் வாயில் வந்தபடி திட்டினேன். அவர்கள் காதில் அது விழவே இல்லை. 'வாயை மூடுங்க' என்று அவள் அம்மா டீத் தம்ளரைத் தரையில் விட்டெறிந்தாள். அதுவும் கேட்கவில்லை.

மாப்பிள்ளை மெதுவாக வந்து காரின் ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். கீழே கையை விட்டுப் பார்த்தான். விரல் மட்டும் போயிற்று. அட்டையின் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்து இழுத்தான், வரவில்லை. பாப்பா அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, எண்ணெய்ப் பிசுக்கு அப்பிய அந்த முதுகில் ரெண்டு கையாலும் மொத்தினாள். "ஏன் படுத்தீங்க? எவன் சொன்னாலும் படுப்பீங்களா? உங்களுக்குன்னு ஒரு வாய் கிடையாதா?" என்று மொத்திக்கொண்டே அழுதாள். பிறகு எழுந்து நின்றாள். ஷெட் கூரை அதிர ஒரு கத்துக் கத்தினாள்.

"ரெண்டு பேர்ல ஒருத்தராவது, அடி பட்டுச்சான்னு இவரைக் கேட்டீங்களா?"

அப்போதுதான் சண்டை நின்றது. சின்னவர் ஸ்டாண்டைக் கீழே வைத்தார். பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். முதல் தடவையாக அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையைக் கேட்டேன்.

"அடி எதுவும் படலியே மாப்ளே?"

மாப்பிள்ளை எழுந்தான். கையைப் பேண்டில் துடைத்தான். எப்போதும்போல மரியாதையாகத்தான் பேசினான், குரல்கூட ஏறவில்லை.

"படல மாமா. இவ ஆட்டுனதாலதான் படல."

சொல்லிவிட்டுப் பெண்டாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினான். கதவு திறந்தபடி நின்ற வேனில் ரெண்டு பேரும் ஏறினார்கள். பெரியவர் ஒரு வார்த்தை சொல்வார், ஓர் எட்டாவது எடுத்து வைப்பார் என்று பார்த்தேன். வேன் கிளம்புகிற சத்தத்துக்குக்கூட அவர் திரும்பவில்லை. குனிந்து, காரின் பெயிண்டில் விழுந்திருந்த மகளின் கைரேகையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.